விண்ணப்பிக்காமலே விலகிக்கொள்பவர்கள்

2024ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வந்த விண்ணப்பங்கள் 54,008. இடம் கிடைத்தவர்கள் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. எம்ஐடியில் ஏறத்தாழ 28,000 பேர் விண்ணப்பித்தார்கள்; தேர்வானவர்கள் 1,300க்கும் குறைவு. ஒவ்வோர் ஆண்டும் இத்தகைய எண்கள் செய்தியாகின்றன. அடுத்த செப்டம்பரில் பன்னிரண்டாம் வகுப்பில் நுழையும் அமெரிக்கப் பிள்ளைகளின் காதில் அவை தீர்ப்பாகவே விழுகின்றன. நூற்றில் நான்கு பேருக்குக்கூட இடம் கிடைக்காத கல்லூரிக்கு நான் எதற்காக விண்ணப்பிக்க வேண்டும்? கைக்கு எட்டுமா என்று தெரியாத இத்தகைய கல்லூரிகளை அங்கே 'ரீச்' என்கிறார்கள். பள்ளி ஆலோசகரின் அறையிலும் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் இலையுதிர்காலம் முழுவதும் இந்தப் பேச்சுதான்.

இந்தக் கேள்வியை அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாகப் பல பக்கங்களிலிருந்து ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றைச் சேர்த்து வாசிக்கும்போது எனக்கு உறுதியாகப் படுவது இது: இந்தக் கல்லூரிகளால் வாழ்க்கையே மாறக்கூடிய ஏழைப் பிள்ளையைக் கல்லூரி நிராகரிக்கும் கட்டமே பெரும்பாலும் வருவதில்லை. அதற்கு முன்பே அந்தப் பிள்ளை ஒதுங்கிக்கொள்கிறது. விண்ணப்பமே போடுவதில்லை.

முதலில் அந்தச் சதவீதத்தை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். ஹார்வர்டு ஆசிய வம்சாவளி மாணவர்களிடம் பாரபட்சம் காட்டுகிறது என்று தொடரப்பட்ட வழக்கு 2018இல் பாஸ்டனில் விசாரணைக்கு வந்தபோது, அதுவரை பூட்டிவைக்கப்பட்டிருந்த சேர்க்கைக் கணக்குகள் வெளியே வந்தன. அங்கே படித்தவர்களின் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்திருந்தது. மற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் அளவுக்குத்தான். தேர்வான வெள்ளையின மாணவர்களில் நூற்றுக்கு 43 பேர் விளையாட்டு வீரர்களாகவோ, பழைய மாணவர்களின் பிள்ளைகளாகவோ, கல்லூரித் தலைமையின் தனிப் பட்டியலில் இருந்தவர்களாகவோ, ஊழியர்களின் பிள்ளைகளாகவோ இருந்தார்கள். ஒரே வாசலில் பல வரிசைகள் ஓடுகின்றன; பத்திரிகையில் வருவது அவற்றின் சராசரி. அந்தச் சராசரி எந்தத் தனிப் பிள்ளையின் வாய்ப்பையும் சொல்வதில்லை. எந்தச் சலுகையும் இல்லாத பிள்ளைக்கு வாய்ப்பு அதைவிடக் குறைவாகவே இருக்கலாம். ஆனால் கிராமப்புறப் பள்ளி ஒன்றில் முதலிடத்தில் நிற்கும், பெற்றோர் கல்லூரிப் படியேறாத ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தை அதிகாரிகள் வாசிக்கும் விதமே வேறு. அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த வசதிகளுக்கு எதிரே வைத்துத்தான் மதிப்பெண்ணை எடைபோடுகிறார்கள்.

சதவீதத்தின் இன்னொரு பாதி விண்ணப்பங்கள் பெருகியதால் விளைந்தது. ஒரே படிவத்தைப் பல கல்லூரிகளுக்கு அனுப்ப உதவும் பொது விண்ணப்ப முறை 1975இல் 15 கல்லூரிகளோடு தொடங்கியது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் உள்ளன, ஒரு மாணவர் இருபது கல்லூரிகள் வரை சேர்த்துக்கொள்ளலாம். சிகாகோ பல்கலைக்கழகம் 2005 வாக்கில் விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேரைச் சேர்த்துக்கொண்டது. இன்று அது ஐந்து பேர் அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த இருபது ஆண்டுகளில் சிகாகோவில் படிக்கத் தேவையான அறிவு எட்டு மடங்கு கூடிவிடவில்லை. விண்ணப்பங்கள் பெருகின, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு இது பிடிபடுவது கடினம். பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200க்குக் கட்-ஆஃப் வந்துவிடுகிறது; போன ஆண்டு எந்தக் கல்லூரி எந்த மதிப்பெண்ணில் முடிந்தது என்பதும் கையில் இருக்கிறது. விருப்பப் பட்டியலின் உச்சியில் கிண்டிப் பொறியியல் கல்லூரியை எழுதிவைப்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. கிடைக்காவிட்டால் அடுத்ததற்கு நகர்ந்துவிடும். அமெரிக்காவில் கட்-ஆஃப் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனிக் கட்டணம், தனிக் கட்டுரைகள். உனக்குக் கிடைக்கும், கிடைக்காது என்று முன்கூட்டிச் சொல்ல ஆளில்லாததால், ஆசைப்படலாமா என்பதையே பதினேழு வயதுப் பிள்ளை தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. படித்த பெற்றோரின் வீட்டில் அந்தத் தீர்மானத்துக்குத் துணை இருக்கிறது. பணம் இருந்தால் ஆயிரக்கணக்கான டாலர் வாங்கும் தனியார் ஆலோசகரும் கிடைப்பார். அரசுப் பள்ளியில் ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர்கள் போதும் என்று அவர்களது சங்கமே பரிந்துரைக்கிறது. நாட்டுச் சராசரி அதைவிட மிக அதிகம்.

இந்த இடைவெளியை முதலில் தெளிவாக அளந்து காட்டியவர்கள் கரோலின் ஹாக்ஸ்பியும் கிறிஸ்டோஃபர் ஏவரியும். 2008இல் பள்ளி முடித்த தலைமுறையை அவர்கள் ஆராய்ந்தார்கள். நாட்டின் முதல் பத்து சதவீதத்துக்குள் வரும் தேர்வு மதிப்பெண்ணும் வகுப்பில் 'ஏ மைனஸ்' அல்லது அதற்கு மேற்பட்ட தரமும் பெற்ற, வருமானத்தில் கடைசிக் கால்பகுதியைச் சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டுக்கு 25,000 முதல் 35,000 பேர் இருக்கிறார்கள் என்று கணக்கிட்டார்கள். கல்லூரிகள் நினைத்துக்கொண்டிருந்ததைவிட இது மிகப் பெரிய எண்ணிக்கை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் கல்லூரி ஒன்றுக்குக்கூட விண்ணப்பிக்கவில்லை. வீட்டுக்கு அருகில் உள்ள கல்லூரியோடு நிறுத்திக்கொண்டார்கள். அதே மதிப்பெண் உள்ள பணக்காரப் பிள்ளைகளைப் போல விண்ணப்பித்த சிலரோ அவர்களைப் போலவே இடமும் பெற்றார்கள், படித்தும் முடித்தார்கள். விண்ணப்பிக்காதவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதையும் இந்த ஆய்வு காட்டுகிறது. சிறுநகரங்களிலும் கிராமங்களிலும் இருந்தார்கள். அத்தகைய கல்லூரியில் படித்த ஆசிரியரை அவர்கள் பெரும்பாலும் பார்த்ததில்லை. பள்ளியில் அதே தரத்தில் வேறு மாணவர்கள் அதிகம் இல்லை. பெரிய நகரங்களின் புகழ்பெற்ற அரசுப் பள்ளிகளில் மட்டும் ஆள் தேடிய கல்லூரி அதிகாரிகளின் கண்ணில் அவர்கள் படவேயில்லை.

இதற்கு எதிரான சான்றும் உண்டு. ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஹார்வர்டு உள்ளிட்ட எட்டு ஐவி லீக் கல்லூரிகளோடு ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி, டியூக், சிகாகோ ஆகியவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. ஒரே தேர்வு மதிப்பெண் பெற்றிருந்தாலும், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட வருமான உச்சியில் உள்ள ஒரு சதவீதக் குடும்பத்தின் பிள்ளை அங்கே சேரும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் என்று அது கண்டது. அந்த இடைவெளியின் பெரும்பகுதி விண்ணப்பத்தில் வருவதல்ல, சேர்க்கை மேசையில் வருவது: பழைய மாணவர் குடும்பச் சலுகை, விளையாட்டு ஒதுக்கீடு, படிப்புக்கு வெளியே தரப்படும் மதிப்பீடு. இது கல்லூரிகளின் குற்றம், அவர்கள்தான் திருத்திக்கொள்ள வேண்டும். கலிஃபோர்னியா 2024இல் தனியார் கல்லூரிகளிலும் பழைய மாணவர் சலுகையைத் தடைசெய்து சட்டம் போட்டிருக்கிறது. ஆனால் இந்த ஒப்பீடு உச்சிக்கும் நடுவுக்கும் இடையிலானது. கடைசிக் கால்பகுதியில் உள்ள பிள்ளைக்கு முதல் தடை அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதே.

அந்தத் தடை எவ்வளவு மெலிந்தது என்று காட்டிய சோதனை மிச்சிகன் மாநிலத்தில் நடந்தது. ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகம் அரசுப் பல்கலைக்கழகம்தான். ஆனால் அந்த மாநிலத்து ஏழைப் பிள்ளைகளுக்கு அது எட்டாத இடமாகவே தெரிந்தது. 2015இல் சூசன் டைனார்ஸ்கியும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் மாநிலத்தின் பள்ளிகளில் நல்ல மதிப்பெண் பெற்று, இலவச அல்லது குறைந்த விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்றிருந்த பிள்ளைகளைக் கண்டறிந்தார்கள். பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் சமயத்தில், பல்கலைக்கழகத்தின் மஞ்சள், நீல நிறங்களில் ஒரு பெரிய உறை வீட்டு முகவரிக்கு வந்தது. உள்ளே பல்கலைக்கழகத் தலைவரின் கடிதம். நீ விண்ணப்பித்து இடம் பெற்றால் நான்கு ஆண்டுகளுக்குக் கல்விக் கட்டணம் முழுவதையும் நாங்கள் ஏற்கிறோம், வருமானத்தை நிரூபிக்க எந்தப் படிவமும் நிரப்ப வேண்டாம் என்ற உறுதி அதில் இருந்தது. ஏறத்தாழ 60,000 டாலர் மதிப்புள்ள வாக்குறுதி. பெற்றோருக்குத் தனிக் கடிதம் போனது. பள்ளித் தலைமைக்கும் தகவல் போனது.

கடிதம் வராத பிள்ளைகளில் நூற்றுக்கு 26 பேர் மிச்சிகனுக்கு விண்ணப்பித்தார்கள். கடிதம் வந்தவர்களில் 68 பேர். சேர்ந்தவர்களின் பங்கு இரு மடங்குக்கு மேல் போனது. கூடுதலாகச் சேர்ந்தவர்களில் கால்வாசிப் பேர், இந்த உறை வந்திராவிட்டால் எந்தக் கல்லூரிக்கும் போயிருக்க மாட்டார்கள்.

இந்த ஆய்வில் என்னை மிகவும் தொந்தரவு செய்வது கடிதம் வராத பக்கம். பல்கலைக்கழகம் புதிதாகப் பணம் எதையும் ஒதுக்கவில்லை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் விண்ணப்பித்து, இடம் பெற்று, வழக்கமான உதவிப் படிவங்களை நிரப்பியிருந்தால் அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதே கட்டணச் சலுகை கிடைத்திருக்கும். உதவி ஏற்கெனவே இருந்தது. தங்களுக்கு உரியது அது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நூற்றுக்கு எழுபத்து நான்கு பேர் முயலாமலே இருந்துவிட்டார்கள்.

வெறும் தகவல் போதும் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. ஹாக்ஸ்பியும் சாரா டர்னரும் மாணவர் ஒருவருக்கு ஆறு டாலர் செலவில் தகவல் கட்டுகளை அனுப்பி நல்ல பலன் கண்டிருந்தார்கள். அதை நம்பி, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு நாடு முழுவதும் 7,85,000 மாணவர்களுக்கு அதுபோன்ற தகவல்களை அனுப்பியது. எந்த மாற்றமும் தெரியவில்லை. மிச்சிகன் குழு பின்னர் நடத்திய இன்னொரு சோதனையில், நிபந்தனையற்ற வாக்குறுதியோடு 'உங்கள் வருமானம் நிரூபணமானால் இலவசம்' என்ற கடிதத்தையும் ஒப்பிட்டார்கள். இரண்டாவது கடிதத்தின் விளைவு மிகக் குறைவு. அந்த ஒற்றை 'ஆனால்' ஏழைக் குடும்பத்தின் காதில் 'இல்லை' என்றே கேட்கிறது. படிவம் நிரப்பி, கேள்வி கேட்கப்பட்டு, கடைசியில் திருப்பி அனுப்பப்பட்ட அனுபவம் அந்தக் குடும்பங்களுக்கு வேறு பல அலுவலகங்களில் ஏற்கெனவே உண்டு.

எவ்வளவு சிறிய விஷயம் பிள்ளையின் கையைத் தடுக்கிறது என்பதற்கு அமாண்டா பலாய்ஸ் கண்டுபிடித்தது ஒரு சான்று. எஸ்ஏடி போன்ற இன்னொரு தேர்வு ஏசிடி. 1997 வரை அதை எழுதுபவர்கள் மதிப்பெண்ணை மூன்று கல்லூரிகளுக்கு இலவசமாக அனுப்ப முடிந்தது. அந்த ஆண்டு அது நான்காக்கப்பட்டது. கூடுதலாக ஒரு கல்லூரிக்கு அனுப்ப அப்போது ஆன செலவு ஆறு டாலர். அதுவரை மூன்றோடு நிறுத்திக்கொண்டவர்கள் நான்குக்கு அனுப்பத் தொடங்கினார்கள். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் முன்பைவிடத் தரமான கல்லூரிகளில் சேர்ந்தார்கள். படிவத்தில் மூன்று கட்டங்களை அச்சிட்டால் மூன்று கல்லூரி போதும் என்று யாரோ அறிவுரை சொல்வதாகப் பிள்ளை எடுத்துக்கொள்கிறது. கட்டத்தை வரைந்தவருக்கு அப்படி எந்த எண்ணமும் இருந்திருக்காது.

இந்தப் பெயர்பெற்ற கல்லூரிகளுக்குப் போவதால் உண்மையில் என்ன கிடைக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் யார் போகிறார் என்பதைப் பொறுத்தது. ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, 1976இல் கல்லூரியில் சேர்ந்தவர்களை எடுத்துக்கொண்டது. ஒரே மாதிரியான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரி ஏற்பும் நிராகரிப்பும் பெற்று, ஆனால் வேறுவேறு கல்லூரிகளில் சேர்ந்தவர்களை ஒப்பிட்டார்கள். பின்னாளைய சம்பளத்தில் வேறுபாடு இல்லை. இன்னும் சுவையானது, எங்கே படித்தார் என்பதைவிட எங்கெல்லாம் விண்ணப்பித்தார் என்பது சம்பளத்தை நன்றாகக் காட்டிக்கொடுத்தது, நிராகரித்த கல்லூரியும் அதில் சேர்த்தி. அந்த ஆசையும் ஊக்கமும் பிள்ளையோடு கூடவே போகின்றன. திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கே இதற்கு எடுத்துக்காட்டு: தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் திரைப்படப் பள்ளி நிராகரித்தபின் அவர் லாங் பீச் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். சம்பளத்தில் வேறுபாடு இல்லை என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் விதிவிலக்கும் சொன்னார்கள்: குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள், பின்னால் வந்த ஆய்வில் கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்கள், அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகள். அவர்களுக்குக் கல்லூரியின் தரம் சம்பளத்தில் நிஜமாகவே வேறுபாடு செய்தது.

செட்டியின் குழு காத்திருப்புப் பட்டியலில் இருந்து இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டது. சராசரிச் சம்பளத்தில் பெரிய மாற்றம் இல்லை. டேல், க்ரூகர் சொன்னதுதான். உச்சியில்தான் வேறுபாடு. நல்ல அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்பதோடு ஒப்பிட்டால், ஐவி லீக் உள்ளிட்ட அந்தப் பன்னிரண்டு கல்லூரிகளில் ஒன்றில் படித்தவர் வருமானத்தின் முதல் ஒரு சதவீதத்துக்குள் போகும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. பெயர்பெற்ற மேற்படிப்பில் சேரும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. பெயர்பெற்ற நிறுவனங்களில் வேலை கிடைக்கும் வாய்ப்பு மூன்று மடங்காகிறது. அமெரிக்கரில் அரை சதவீதம் பேர்கூட இந்தக் கல்லூரிகளில் படிப்பதில்லை. செனட் உறுப்பினர்களில் கால்வாசிப் பேர் அங்கே படித்தவர்கள்.

ஆகவே இரண்டு வீடுகளுக்கு இரண்டு பதில். டாலஸிலோ நியூ ஜெர்சியிலோ, பெற்றோர் இருவரும் மென்பொருள் வேலையில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்குச் சேர்க்கை மறுக்கப்பட்டால் அந்தப் பிள்ளை இழப்பது மிகக் குறைவு. மாநிலப் பல்கலைக்கழகம் அதை நன்றாகவே வளர்க்கும். அந்த வீட்டில் இருபது கல்லூரிப் பட்டியலும் அறுபது குறுங்கட்டுரைகளும் உறக்கம் கெட்ட ஒரு டிசம்பரும் தேவையே இல்லை என்று நினைக்கிறேன். நான்கைந்து கல்லூரிகளை உண்மையாகவே விரும்பி விண்ணப்பித்தால் போதும். பெற்றோர் கல்லூரியைப் பார்த்திராத வீட்டுப் பிள்ளைக்கோ அந்த ஒரு விண்ணப்பம் அவசியம்.

விண்ணப்பிப்பது என்று ஆனபின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஐந்து சதவீத வாய்ப்பு உள்ள பத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தால், அவை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாக இருந்தால், ஒன்றிலாவது இடம் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பது. ஆனால் அவை தொடர்பற்றவை அல்ல. அதே முதன்மைக் கட்டுரை, அதே பரிந்துரைக் கடிதம், அதே மதிப்பெண். ஒரு மேசையில் பலவீனமாகத் தெரிந்தது பத்து மேசைகளிலும் தெரியும். பத்து ரீச் சேர்ந்தாலும் ஒரு நல்ல மாநிலக் கல்லூரியின் உறுதிக்கு ஈடாகாது. அதற்காக ஆசையைக் குறைத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. ஹெக்டர் சாடே, லோன்ஸ் ஸ்மித் இருவரும் 2006இல் கணித முறையில் காட்டியது இது: ஒரே ஒரு விண்ணப்பம்தான் போடலாம் என்றால் ஒருவர் எடுக்கும் முடிவைவிட, பல விண்ணப்பங்கள் போடும்போது பட்டியல் மேல்நோக்கித் துணிச்சலாக இருப்பதே சரி. கீழே உறுதியான ஒரு கல்லூரி இருக்கும்போது மேலே முயல்வதன் நஷ்டம் குறைந்துவிடுகிறது.

பணத்தை வைத்து ஒதுங்குபவர்கள் அறிவிக்கப்பட்ட கட்டணத்தைப் பார்த்தே ஒதுங்குகிறார்கள். பெயர்பெற்ற தனியார் கல்லூரிகள் பலவற்றில் தங்கும் செலவோடு அது ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஆனால் 2025-26 முதல் ஹார்வர்டில் ஆண்டு வருமானம் 1,00,000 டாலருக்குள் உள்ள குடும்பம் பொதுவாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. 2,00,000 வரை கல்விக் கட்டணம் இல்லை. தங்கள் குடும்பத்துக்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்று காட்டும் கணிப்பானைக் கல்லூரிகள் இணையத்தில் வைக்க வேண்டும் என்று 2011 முதல் சட்டமே இருக்கிறது. பல ஏழைக் குடும்பங்களுக்கு மாநிலக் கல்லூரியைவிட ஹார்வர்டு மலிவு.

தேர்வு மதிப்பெண்ணிலும் பிள்ளைகள் தங்களைத் தாங்களே தாழ்த்திக்கொள்கிறார்கள். பெருந்தொற்றின்போது பல கல்லூரிகளில் மதிப்பெண் அனுப்புவது விருப்பத்துக்கு விடப்பட்டது. டார்ட்மத் கல்லூரியின் பேராசிரியர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், ஏழைப் பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் பலர், அனுப்பியிருந்தால் தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்களை மறைத்திருந்தது தெரிந்தது. கல்லூரியின் சராசரியோடு ஒப்பிட்டுக் குறைவு என்று நினைத்துவிட்டார்கள். அவர்கள் பள்ளியின் சூழலில் அது மிக உயர்ந்த மதிப்பெண். டார்ட்மத் அந்த ஆண்டே தேர்வை மீண்டும் கட்டாயமாக்கியது.

முன்கூட்டிய முடிவு முறை என்று ஒன்று உண்டு: நவம்பரில் ஒரே கல்லூரிக்கு விண்ணப்பித்து, கிடைத்தால் கட்டாயம் சேர்வேன் என்று கையெழுத்திடுவது. வாய்ப்பு கூடும். ஆனால் பல கல்லூரிகளின் உதவித்தொகையை ஒப்பிடும் உரிமை போய்விடும். செலவைக் கணிப்பானில் பார்க்காமல் அதில் கையெழுத்திடக் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு நிலைமை இன்னும் இறுக்கம். வெளிநாட்டு மாணவரின் பணத்தேவையைப் பார்க்காமல் முடிவெடுக்கும் கல்லூரிகள் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில. மற்றவற்றில் உதவி கேட்பதே வாய்ப்பைக் குறைக்கும். பணவசதியில்லாத சென்னைப் பிள்ளைக்கு, மிகக் கடினமான இந்தச் சில கல்லூரிகளே விண்ணப்பிக்கப் பொருளுள்ளவை. பணம் இருந்தால் மட்டும் எளிதாகும் ஐம்பது கல்லூரிகள் அல்ல.

விண்ணப்பக் கட்டணம் சில கல்லூரிகளில் 90 டாலர் அளவுக்குப் போகிறது. அமெரிக்கப் பள்ளியில் இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்ற பிள்ளைக்கு அது தள்ளுபடி. பொது விண்ணப்பத்தில் அதற்கென்று ஒரு கேள்வி இருக்கிறது. மாணவர் ஆம் என்று குறித்தால், பள்ளி ஆலோசகர் அதை உறுதிசெய்தால் போதும். பரிந்துரைக் கடிதங்களுக்காக ஆலோசகரின் மேசையில் கோப்புகள் குவியத் தொடங்குவது அக்டோபரில். செப்டம்பரில் போய்க் கேட்கிற பிள்ளைக்கு அவரிடம் நேரம் இருக்கும்.